ஸ்கேனில் தெரியாத அடி

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. அந்தச் சாலையிலும், திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று கரிசலுக்குள் பிரிந்து போகும் சின்னச் சாலைகளிலும் பைக்கிலிருந்து விழுகிறவர்கள் உண்டு. ஆடு குறுக்கே பாயும். ரோட்டில் காயப்போட்ட சோளக் கதிரில் சக்கரம் வழுக்கும். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த பெண்ணின் சேலை முந்தி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தலையில் அடி என்றால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுபோவார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு உடையவில்லை, ரத்தக்கட்டு இல்லை என்று உறுதியானதும் வீட்டாரிடம் ஒரு வாக்கியம் சொல்லப்படும்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க."

அதைக் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். மூன்றாம் நாள் அடிபட்டவர் தறி வேலைக்குப் போய்விடுவார். பொழுது உச்சிக்கு வருவதற்குள் தலை வலிக்க ஆரம்பிக்கும். இழை அறுந்தது கண்ணில் படாது. வெயிலைப் பார்த்தால் கண் கூசும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தால் கிறுகிறுவென்று வரும். பிள்ளை சத்தமாகப் பேசினால் எரிந்து விழுவார். ராத்திரியில் தூக்கம் பிடிக்காது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுதான சொன்னாக, பெறகென்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறான் என்று தெருவில் பேசுவார்கள்.

அவர் நடிக்கவில்லை. ஸ்கேனும் பொய் சொல்லவில்லை. உடைந்த எலும்பையும் கசிந்த ரத்தத்தையும் வீங்கிய மூளையையும் கண்டுபிடிக்கத்தான் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். மூளை அதிர்வு என்றும் கன்கஷன் என்றும் மருத்துவர்கள் சொல்லும் காயத்தில் மூளையின் உருவம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதன் உயிரணுக்கள் வேலை செய்யும் முறைதான் குலைந்திருக்கும். அந்தக் குலைவை அருப்புக்கோட்டையில் இருக்கும் சி.டி. கருவியாலும் படமெடுக்க முடியாது, அமெரிக்காவில் இருக்கும் சி.டி. கருவியாலும் முடியாது. இத்தனைக்கும் இந்தக் காயம் பட்ட பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதுகூட இல்லை. சில நொடி பொறி கலங்கும், விழுந்த நேரம் ஞாபகத்தில் இருக்காது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மனித மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடை கொண்டது. மண்டைக்குள்ளும் முதுகுத்தண்டுக்குள்ளுமாக 150 மில்லிலிட்டர் அளவுள்ள தெளிந்த நீர் அதைச் சூழ்ந்திருக்கிறது. அந்த நீரில் மிதப்பதால் மூளையின் எடை ஏறக்குறைய 50 கிராமாகத்தான் உணரப்படும். சாதாரணமாக நடப்பதும் ஓடுவதும் குதிப்பதும் மூளையைத் தொந்தரவு செய்யாமலிருக்க இந்த ஏற்பாடு போதும். தலை சட்டென்று நிற்கும்போதும், அதைவிட மோசமாகச் சட்டென்று திரும்பும்போதும்தான் போதாமல் போகிறது. ஓட்டுக்குள் இருக்கும் இளநுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு திரும்பிய வேகத்துக்கு உள்ளிருக்கும் சதையால் ஈடுகொடுத்துத் திரும்ப முடியாது, அது முறுக்கிக்கொள்ளும். மூளையில் அப்படி முறுக்கி இழுபடுவது நரம்பணுக்களின் மெல்லிய நீண்ட இழைகள்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஆக்ஸ்போர்டின் இயற்பியலாளர் ஹோல்போர்ன். 1943இல் லான்செட் இதழில் எழுதினார். மண்டையோட்டின் வடிவில் அச்சு செய்து, அதில் ஜெலட்டினை நிரப்பி, சுழற்றிப் பார்த்தார். நேர்கோட்டு மோதலைவிடச் சுழற்சிதான் உள்ளிருப்பதைச் சிதைக்கிறது என்று கண்டார். அவருக்கு இந்த வேலையைக் கொடுத்த சூழல் ஒரு பைக் விபத்திலிருந்து பிறந்தது. 1935 மே மாதம் டி. இ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் படையதிகாரி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, சில நாட்கள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர், பின்னாளில் ஹோல்போர்னோடு சேர்ந்து உழைத்த ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். போர்க்காலத்தில் செய்தி கொண்டுபோகும் பைக் வீரர்கள் தலையில் அடிபட்டுச் சாவதை அவர் கணக்கெடுத்து, 1941இல் ஹெல்மெட்டின் அவசியத்தைப் பற்றி எழுதினார். இன்று திருச்சுழி ரோட்டில் பைக் ஓட்டுகிறவர் தலையில் இருக்கும் ஹெல்மெட்டுக்கு அந்த ஆராய்ச்சியில் ஒரு வேர் இருக்கிறது.

ஹெல்மெட் செய்யும் வேலையை ஒரு சின்னக் கணக்கில் புரிந்துகொள்ளலாம். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தலை தார் ரோட்டை அடையும்போது, கீழ்நோக்கிய வேகம் மட்டும் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். பைக் நின்றிருந்தாலும் அதே வேகம்தான். "மெதுவாத்தான் போனேன்" என்பதில் ஆறுதல் இல்லை என்பது இதனால்தான். அந்தத் தலை 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், புவியீர்ப்பைப் போல 300 மடங்கு அதிர்ச்சி. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் அது 60 மடங்காகக் குறையும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல், ஹெல்மெட் பைக் விபத்துச் சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகச் சொல்கிறது. சுழற்சியை ஹெல்மெட்டால் அந்த அளவுக்குத் தடுக்க முடியாது. ஆகவே ஹெல்மெட் போட்டிருந்தவருக்கும் மூளை அதிர்வு வரலாம். ஆனால் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து அதிலிருந்து தேறும் வாய்ப்பு அதிகம்.

இழைகள் இழுபட்ட அந்த நொடியில் நரம்பணுக்களின் சவ்வில் உள்ள வாசல்கள் கட்டுப்பாடில்லாமல் திறந்துகொள்கின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே பாய்கிறது. கால்சியம் உள்ளே நுழைகிறது. குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் கொட்டுகிறது. எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவர நரம்பணுவின் அயனி பம்புகள் முழுமூச்சாக ஓடுகின்றன. அதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும், குளுக்கோஸ் வேண்டும். அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. உள்ளே புகுந்த கால்சியம் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையே திணறடிக்கிறது. தேவை கூடிய வேளையில் வரவு குறைகிறது. இந்தத் தொடர் நிகழ்வை 2001இல் கலிபோர்னியாவின் கிஸாவும் ஹோவ்டாவும் ஒரே கட்டுரையில் தொகுத்து எழுதினார்கள். இன்றைய மருத்துவம் மூளை அதிர்வைப் புரிந்துகொள்வது அந்தச் சித்திரத்தின் மேல்தான். எலிகளில், முதலில் சில மணி நேரம் குளுக்கோஸ் செலவு எகிறி, பிறகு ஒரு வாரம், பத்து நாள் வரை மந்தமாகக் கிடக்கிறது. மனிதர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள்ளும், பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குள்ளும் தேறிவிடுவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

வெளியே தெரியும் தலைவலி, சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாம் இந்த ஆற்றல் பற்றாக்குறையின் முகங்கள். ஓய்வு ஏன் தேவை என்பதற்கும் இதுவே காரணம். எவ்வளவு ஓய்வு என்பது வேறு கேள்வி. அதில் மருத்துவ உலகமே நெடுநாள் வழி தவறி நடந்தது.

அதற்கு முன் முதல் இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வும் தேறுதலும் பேசுவதற்கு, அது வெறும் அதிர்வுதான் என்று உறுதியாகியிருக்க வேண்டும். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் போட்டி. இந்தியாவுக்கு ஆடிய ரமன் லம்பா ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் ஃபீல்டிங் நின்றார். அடித்த பந்து தலையில் பட்டது. அவர் தானே எழுந்து நடந்து மைதானத்தை விட்டு வெளியே போனார். பிறகுதான் நினைவு தப்பியது. சில நாட்களில் இறந்துபோனார், வயது 38. மண்டைக்குள் ரத்தம் கசியத் தொடங்கி, அது மூளையை அழுத்தும் அளவுக்குச் சேரும் வரை ஆள் நன்றாகவே இருக்கலாம். "நடந்துதான் வந்தான், பேசிக்கிட்டுதான் இருந்தான்" என்பது ஆறுதலுக்கு உரிய அடையாளமே இல்லை.

ஆகவே முதல் இரண்டு நாள் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். தலைவலி குறையாமல் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பினால் எழாத அளவுக்கு மந்தம் தட்டினால், வலிப்பு வந்தால், கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாகத் தெரிந்தால், மூக்கு அல்லது காது வழியே தெளிந்த நீர் வந்தால், யோசிக்க வேண்டியதில்லை, 108ஐக் கூப்பிடுங்கள். இதய நோய்க்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் இலேசாக அடிபட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். வயதானவர்களுக்கு ரத்தம் மெள்ள மெள்ளச் சேர்ந்து வாரக்கணக்கில் கழித்துத் தொல்லை கொடுப்பதும் உண்டு. "போன மாசம் விழுந்தாரு, இப்பத்தான் நடை தள்ளாடுது" என்றால் அந்தப் பழைய விழுதலை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தில் நான் மிக அஞ்சுவது குடித்துவிட்டு விழுந்தவரின் நிலையைத்தான். குழறலும் மயக்கமும் வாந்தியும் சாராயத்தால் வந்ததா, ரத்தக்கசிவால் வந்ததா என்று திண்ணையில் படுக்கவைத்தவர்களால் சொல்லவே முடியாது. "விடிஞ்சா தெளிஞ்சிரும்" என்று விட்டு, விடியாமலே போன உயிர்கள் உண்டு. குடித்தவர் தலையில் அடிபட்டால், குடிக்காதவரைவிட அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கோபம் இருந்தால் அதைப் பிறகு காட்டலாம்.

"ஏய்யா, தூங்கிறாதய்யா" என்று ராத்திரி முழுக்கத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும் தாய்மார்களை நினைத்தால் மனசு கனக்கிறது. தூங்கினால் போய்விடுவான் என்ற பயம் உலகம் முழுவதும் இருக்கிறது. டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தூக்கம் மருந்து. எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் சொன்ன நேரத்தில் எழுப்பி, பேர் கேட்டு, பதில் ஒழுங்காக வந்தால் மறுபடி தூங்க விடுங்கள். வலிக்கு பாரசிட்டமால் போதும். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் வகை மாத்திரைகளை முதல் நாட்களில் கொடுக்க வேண்டாம். அவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ காப்பியோ ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போகும்.

இனி ஓய்வின் கதை. 2000க்குப் பிறகு விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் கூடிக் கூடி வெளியிட்ட அறிக்கைகளில், தொந்தரவு முழுக்கத் தீரும் வரை உடலுக்கும் மூளைக்கும் முழு ஓய்வு என்று சொன்னார்கள். ஆற்றல் பற்றாக்குறை என்ற சித்திரத்தோடு அது ஒத்துப்போனது. கேட்கவும் நியாயமாக இருந்தது. மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இருட்டறையில் படுங்கள், படிக்காதீர்கள், யாரோடும் பேசாதீர்கள் என்று வாரக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். இப்படிச் செய்தால் சீக்கிரம் தேறுமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு குழு சோதித்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மூளை அதிர்வோடு வந்த 11 முதல் 22 வயது வரையிலானவர்களை, யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தாருக்கு ஐந்து நாள் கடுமையான ஓய்வு: பள்ளி இல்லை, வேலை இல்லை, விளையாட்டு இல்லை. மறுபக்கத்தாருக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக வழக்கமான வாழ்க்கை. கடைசி வரை நின்றவர்கள் 88 பேர். 2015இல் முடிவு வந்தது. சமநிலைச் சோதனையிலும் சிந்தனைச் சோதனையிலும் இரு பக்கத்தாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கடுமையாக ஓய்வெடுத்தவர்கள் தினமும் கூடுதல் தொந்தரவுகளைச் சொன்னார்கள். அவை தீரவும் அவர்களுக்கு அதிக நாள் ஆனது. இருட்டில் படுத்து, வேலையில்லாமல், தன் தலையையே கவனித்துக்கொண்டு கிடப்பவனுக்கு ஒவ்வொரு சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். தூக்கம் கெடும், உடல் தளரும், மனம் சோரும்.

பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி இன்னும் துணிந்து எதிர்த்திசையில் போனார். அடிபட்டுப் பத்து நாளுக்குள் வந்த 103 இளைஞர்களில் ஒரு பகுதியினரைத் தினமும் 20 நிமிடம் மிதமாக வேர்க்கும் பயிற்சி செய்யச் சொன்னார். மற்றவர்களுக்குக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். பயிற்சி செய்தவர்கள் 13 நாளில் தேறினார்கள். மற்றவர்களுக்கு 17 நாள் ஆனது. 2019இல் வெளியான ஆய்வு இது. பயிற்சியின் அளவுதான் இதில் சூட்சுமம். எந்த இதயத் துடிப்பில் தலைவலி கூடத் தொடங்குகிறதோ அதைக் கண்டுபிடித்து, அதில் 80 விழுக்காடு வரைதான் போக வேண்டும் என்று அவர் வரம்பு கட்டினார்.

ஓய்வில் கண்டிப்பு காட்ட வேண்டிய ஓரிடம் உண்டு: செல்போன். 12 முதல் 25 வயதுள்ள 125 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரை பார்க்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் மூன்றரை நாளிலும் பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள் எட்டு நாளிலும் தேறினார்கள். படுக்கவைத்த பிள்ளை சும்மா கிடக்கட்டும் என்று கையில் போனைக் கொடுப்பது ஓய்வு ஆகாது.

2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து இன்றைய வழிமுறையை வகுத்தார்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் அடக்கமான ஓய்வு. வீட்டுக்குள் நடமாடலாம், இலேசான வேலை செய்யலாம். அதன் பிறகு நடை. பத்துக்கு எத்தனை என்று தலைவலிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நடக்கும்போது அது முன்பிருந்ததைவிட இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் ஏறாமல், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு சரி. ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் குறைவாகச் செய்ய வேண்டும்.

கரிசல் காட்டில் இதை எப்படிச் செய்வது? ட்ரெட்மில் வேண்டாம், கண்மாய்க் கரை இருக்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன், வேம்பு நிழலிலோ கரை மேலோ கால் மணி நேரம், கூட ஓர் ஆள் வர, பேசிக்கொண்டே நடக்கலாம். சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள். வெயிலும் நீர்ச்சத்துக் குறைவும் அடிபடாத தலையையே வலிக்க வைக்கும். நீர்மோரும் பழைய சோற்று நீராகாரமும் இந்த ஊருக்குப் புதிதா என்ன, அடிக்கடி குடிக்கட்டும். தலையை அசைக்காமல் படு என்று சொல்லித் தண்ணீர்கூடக் கட்டிலுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் அன்பு, மூன்றாம் நாளுக்குப் பிறகு கெடுதலாகிறது.

அருப்புக்கோட்டையில் நான் பெரிதாகக் கருதுவது சத்தம். இது நெசவாளர் ஊர். விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டும். பக்கத்தில் நிற்கும் மனிதரிடம் பேசவும் வாயசைவைத்தான் பார்க்க வேண்டும். மூளை அதிர்வு பட்டவருக்குச் சத்தமும் வெளிச்சமும் முதலில் தாங்காது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும் வீட்டில் அமைதியான அறை எங்கே கிடைக்கும்? முதல் இரண்டு மூன்று நாளுக்கு அக்கா வீட்டுக்கோ மாமியார் ஊருக்கோ போக முடிந்தால் போகலாம். வேலைக்குத் திரும்பும்போது முதலில் தார் சுற்றுவது, துணி மடிப்பது போன்ற வேலைகள். பிறகு அரை நாள் தறி. பிறகு முழு நாள். உயரத்தில் ஏறும் வேலையும் ஓடும் இயந்திரத்துக்குள் கை விடும் வேலையும் கடைசியாக. நூல் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அடிபட்டிருந்தால், தேறும் வரை அவர்களை ராத்திரி ஷிஃப்டில் போடக் கூடாது. தேறும் மூளைக்கு ஒழுங்கான தூக்கத்தைப் போல வேறு மருந்து இல்லை.

இதெல்லாம் சரி, கூலிக்கு யார் பொறுப்பு? ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு, நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வழியிருக்கிறது. வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்து பணிக்காயமாக ஏற்கப்பட்டால் 90 விழுக்காடு. பலர் இதைக் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். அட்டை இல்லாத தறிக்காரருக்கும், கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவருக்கும், கொத்தனார் கையாளுக்கும் அந்த வழி இல்லை. ஓய்வெடுங்கள் என்ற அறிவுரை அவர்கள் காதில் எப்படி விழும் என்பதை எண்ணிப் பார்க்காமல் மருத்துவம் பேசக் கூடாது. இங்கேதான் புதிய அறிவியல் ஏழைக்கு உண்மையாகவே உதவுகிறது: பதினைந்து நாள் படுக்கை வேண்டாம், இரண்டு நாள் ஓய்வும் அதன்பின் பாதி வேலையும் போதும் என்று அது சொல்கிறது. அந்தப் பாதி வேலையை ஒப்புக்கொள்ளும் முதலாளி வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே படிகள்தான். முதலில் அரை நாள், சன்னல் வெயில் படாத இடம், கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலை குறைவு, நடுவில் கண்ணை மூடிக்கொள்ள ஒரு பத்து நிமிடம். கணக்கு வாய்ப்பாட்டை மறந்த பிள்ளையைத் திட்டும் முன், போன வாரம் அவன் வண்டியிலிருந்து விழுந்ததை ஆசிரியர் ஞாபகம் வைத்திருந்தால் போதும். பள்ளிக்கூடத்துக்கே போகாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் அவனுக்குக் கெடுதல்.

எல்லாத் தொந்தரவையும் மூளையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. படுக்கையில் புரளும்போதும் நிமிர்ந்து பார்க்கும்போதும் உலகமே சுற்றுகிறது என்றால், அடிபட்டதில் உள்காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி கண்டறிந்த முறையில் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி அந்தத் துகள்களைத் திரும்பச் சேர்த்துவிடலாம். சில நிமிட வேலை, ஊசி மாத்திரை ஒன்றும் வேண்டாம். ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவர் செய்து முடிக்கக்கூடியதற்கு மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பின்தலையில் தொடங்கும் வலி கழுத்துத் தசையின் வலியாக இருக்கலாம். அதற்கு இயன்முறை சிகிச்சை கேட்கும். எதற்கெடுத்தாலும் அழுகை, பயம், கோபம் என்று குணமே மாறிப்போனால், பயந்த கோளாறு என்று திருநீறு போட்டுக்கொள்வதில் தவறில்லை. கூடவே டாக்டரிடமும் போக வேண்டும். நான்கு வாரம் தாண்டியும் தேறாத எவருக்கும் இது பொருந்தும்.

தேறி முடிவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் பெரிய ஆபத்து. ஆற்றல் பற்றாக்குறையில் இருக்கும் மூளைக்கு முதல் அடியைவிடச் சின்ன அடியும் அதிகத் தீங்கு செய்யும். இள வயதினருக்கு அரிதாக மூளை வீங்கி உயிரே போகும். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் விளக்குப் போட்டு நடக்கும் கபடிப் போட்டிகளில் தலையோடு தலை முட்டி விழுந்த பையன், முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து மறுபடி ரெய்டுக்குப் போகிறான். ஊரே கைதட்டுகிறது. கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்ட் முதல், மூளை அதிர்வு பட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்க சர்வதேச விதி இடம் கொடுக்கிறது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்திய வீரர் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் ஸ்டார்க்கின் பந்து பட்டபோது, அவருக்குப் பதில் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். ஊர்க் கபடிக்கும் இப்படி ஒரு விதி எழுத விழாக் கமிட்டிக்கு ஒரு நிமிடம் போதும். தலையில் அடிபட்டவன் அன்றைக்கு மறுபடி களமிறங்கக் கூடாது. பிறகு ஆறு படிகளில், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் கொடுத்து, தொந்தரவெல்லாம் தீர்ந்த பிறகு டாக்டர் சொன்னால்தான் ஆளைப் பிடிக்கும் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பைக் ஓட்டுவதும் அதுபோலத்தான். தலைசுற்றலும் மந்தமும் போகும் வரை சாவியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள்.

2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. நல்ல திட்டம். உயிர் காப்பதற்கு அந்த 48 மணி நேரம்தான் முக்கியம். மூளை அதிர்வு பட்டவரின் பாடு 49ஆவது மணியில் தொடங்குகிறது. அவர் கையில் அப்போது இருப்பது ஸ்கேன் படமும், மாத்திரை எழுதிய சீட்டும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜென்னி பான்ஸ்ஃபோர்டு தலைமையில் ஒரு குழு, தலையில் இலேசாக அடிபட்டு வந்த பெரியவர்களில் ஒரு பகுதியினரை ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுப் பார்த்து, ஒரு சின்னக் கையேட்டைக் கொடுத்து அனுப்பியது. என்னென்ன தொந்தரவு வரலாம், அவை பெரும்பாலும் தாமே தீரும், அதுவரை எப்படிச் சமாளிப்பது என்பதே அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கையேடு பெற்றவர்களுக்குத் தொந்தரவுகள் குறைவாக இருந்தன. 2002இல் வெளியான ஆய்வு இது. மூளை அதிர்வுக்கு இதுவரை சோதிக்கப்பட்ட சிகிச்சைகளில் இதைவிட மலிவானது எனக்குத் தெரிந்து கிடையாது.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருப்புக்கோட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் போகிறார்கள். ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில், இந்த ஊர்த் தமிழில், டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்ப ஓடி வர வேண்டும், இரண்டு நாள் எப்படி இருக்க வேண்டும், மூன்றாம் நாளிலிருந்து எவ்வளவு நடக்கலாம், வேலைக்கு எப்படித் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் ஒரு முறை வாசித்துக் காட்டட்டும். முதலாளிக்கும் ஆசிரியருக்கும் காட்ட, "இவருக்கு நான்கு வாரம் வரை பாதி வேலை" என்று டாக்டர் கையெழுத்துப் போட ஓரிடம் அதன் அடியில் விடுங்கள். அது வரும் வரை, தலையில் அடிபட்டவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பத்தாரே, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் வாசலை நோக்கித் திரும்பிவிடாதீர்கள். "சரிங்க டாக்டர், இனி வீட்டுல எப்படிப் பாத்துக்கணும், எப்ப வேலைக்குப் போகலாம், என்ன கண்டா உடனே திரும்பி வரணும்?" என்று நின்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.